மொட்டை மாடிக் குடிலைக் கட்டிப் போட்ட கதை

என் கணவர் என்னோடு சண்டை போடுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தபோதுதான் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது.

சண்டை நின்றால் நிம்மதிதானே என்று என்னோடு வேலை செய்யும் நர்சுகள் கேட்டார்கள். அவர்களுக்கு எங்கள் வீட்டைத் தெரியாது. கல்யாணமான நாள் முதல் நாங்கள் ஏட்டிக்குப் போட்டி பேசித்தான் குடும்பம் நடத்தினோம். குழம்பில் புளி கூடினால் சண்டை. பஸ்ஸா ஆட்டோவா என்று சண்டை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஏழு மணிப் பூசைக்குப் போவதா ஒன்பது மணிப் பூசைக்கா என்று சண்டை போட்டு, இரண்டுக்கும் போகாமல் வீட்டில் இருந்த நாட்களும் உண்டு. அவர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். நான் அதே மாவட்டத்தில் கடலைப் பார்க்க பஸ் ஏற வேண்டிய, ரப்பர் தோட்டத்துப் பக்கத்து ஊர்க்காரி. இரண்டு பேருக்கும் வாய் நீளம். அந்த வாயை வைத்துக்கொண்டுதான் தில்லியில் முப்பது வருடம் ஓட்டினோம்.

அவர் ஓர் அமைச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றால் அரசாங்க வீட்டைக் காலி செய்ய வேண்டும். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸை விட்டு ஜங்புராவில் ஒரு பர்சாத்திக்கு வந்தோம். மொட்டை மாடியின் ஒரு பக்கம் இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும், மீதியெல்லாம் வெறும் மாடி. அதைத்தான் இங்கே பர்சாத்தி என்பார்கள். எனக்கு இன்னும் நான்கு வருடம் வேலை பாக்கி இருந்தது. காலையில் நான் டூட்டிக்குக் கிளம்புவேன். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சாயங்காலம் வந்தாலும் அதே சுவர்தான்.

பேச்சு மெல்ல மெல்லக் குறைந்து ஒரே ஒரு சொல்லில் வந்து நின்றது. சரி. மீன் வாங்கவா? சரி. பென்ஷன் கடிதத்துக்குப் பதில் எழுதவா? சரி. தோசையா சப்பாத்தியா என்று கேட்டாலும் சரி. நான் வேண்டுமென்றே வாயைப் பிடுங்கிப் பார்த்தேன். அவர் தம்பியைக் குறை சொன்னேன். அவருடைய ஊர்க்காரர்களுக்கு மீன் சமைக்கவே தெரியாது என்றேன். முன்பெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று நாள் சண்டை நடக்கும். அவர் என்னைப் பார்த்து, "சரி" என்றார்.

எனக்கு பயமாக இருந்தது. மருத்துவமனையில் வலியால் கத்துகிறவர்களைப் பற்றி நாங்கள் அவ்வளவு கவலைப்படுவதில்லை. கத்த அவர்களிடம் தெம்பு இருக்கிறது. சத்தம் காட்டாமல் கிடப்பவரைத்தான் போகும்போதும் வரும்போதும் நின்று பார்ப்போம். இவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். இவர் அதையும் "சரி" என்று விழுங்கினார். நான் வார்டில் செய்வதைப் போலவே பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை தோசை சாப்பிட்டார், எத்தனை தடவை வெளியே வந்தார். தாளை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன்.

அப்போதுதான் பூனாவில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போன் செய்தாள். தில்லியில் பிறந்து வளர்ந்தவள். அவள் பேசுவதில் பாதிதான் தமிழ்.

"அம்மா, அப்பாக்கு ஒரு கிரீன்ஹவுஸ் ஆர்டர் பண்ணியிருக்கேன். போர்ட்டபிள். டெரஸ்ல வெச்சுக்கலாம். பாக்ஸ் வரும், ரிசீவ் பண்ணிக்கோ, அச்சா?"

"அவரு கட்டில விட்டே எறங்க மாட்டாரு. அவருக்கு எதுக்குட்டி கிரீன்ஹவுஸ்?"

"ஸோ வாட்? டிரை பண்ணட்டும்" என்று வைத்துவிட்டாள்.

பனிக்காலம் தொடங்கும் நேரம். பெட்டியைக் கொண்டுவந்தவன் கடைசி மாடி ஏறச் சலித்துக்கொண்டு படிக்கட்டுத் திருப்பத்திலேயே வைத்துவிட்டுப் போனான். நானும் அதைத் தொடவில்லை. வீட்டுச் சொந்தக்காரம்மா கீழ்த்தளத்தில் இருக்கிறார், பஞ்சாபி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். துணி உலர்த்த மாடிக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் முழங்காலை இடித்துக்கொண்டு முணுமுணுத்தார். நான் கேட்காததுபோல் இருந்தேன். நான்காம் நாள் டூட்டி முடிந்து வந்தபோது படிக்கட்டு காலியாக இருந்தது. மாடியில் இரும்புக் குழாய்களை நீளவாரியாக அடுக்கி வைத்து, நடுவில் அவர் உட்கார்ந்து, விளக்கப் படத்தைக் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. விரல் தடிமனுள்ள குழாய்கள், அவற்றை இணைக்க பிளாஸ்டிக் மூட்டுகள், மேலே போர்த்த ஒரு பிளாஸ்டிக் உறை, முன்னால் ஜிப் வைத்த கதவு. நிறுத்தினால் ஆள் உயரம், கட்டில் அகலம். பூ மாதிரி லேசு. அதில் அவர் என்ன வளர்ப்பார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எங்கே விட்டுவிடுவாரோ என்று பயம். ஊரிலிருந்து வந்த பொட்டலத்தில் காய்ந்த காந்தாரி மிளகாய் இருந்தது. தில்லிக் குளிருக்கு அந்தச் செடி ஒரு மாதம் தாங்காது. குவார்ட்டர்ஸில் மூன்று முறை வைத்து மூன்று முறையும் கருகியது. இப்போது அந்த விதைகளைத் தயிர் டப்பாக்களில் போட்டார். டிசம்பர் மூடுபனியில் உள்ளே இரண்டிரண்டு இலைகள் வந்தன. கிறிஸ்துமஸ் கேரல் பாட வந்த எங்கள் சர்ச் பங்கு மக்கள் உறையின் மேல் வழிந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, குடில் நன்றாயிருக்கிறது, குழந்தை இயேசு எங்கே என்று கேட்டார்கள். அவர் ஜிப்பைத் திறந்து நாற்றுகளைக் காட்டினார். அன்றைக்குக் காலண்டர் தாளில், "வந்தவர்களோடு நின்றார், ஐந்து நிமிடம்" என்று எழுதினேன்.

அந்தக் குடிலை நான் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். படுக்கையில் கிடந்த நோயாளி தானாக ஒரு வாய் சோறு எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தால் நாம் கையை நீட்டக் கூடாது. சிந்தினால் சிந்தட்டும் என்று விலகி நின்று பார்க்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. அதனால் டீ டம்ளரோடு அறை வாசலில் நிற்பேன். அவர் குனிந்து தண்ணீர் தெளிப்பதைப் பார்ப்பேன். பிறகு உள்ளே போய் எழுதி வைப்பேன். எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் காற்று வந்தது. பெரிய காற்று இல்லை. ஆனால் காலையில் பார்த்தால் குடில் ஒரு சாண் நகர்ந்து நின்றது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அன்று முதல் அவர் கவனமெல்லாம் செடியைவிட்டுக் கட்டுவதில் போனது. முதலில் உறையின் ஓரத்தின் மேல் செங்கல் வைத்தார். அடுத்த காற்றில் உறை செங்கல்லை உதறிவிட்டது. பிறகு காலிப் பொன்னியரிசிப் பைகளை எடுத்துக்கொண்டு கீழே போய், தெருமுனையில் வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு மணல் நிரப்பிக்கொண்டு வந்தார். அறுபத்திரண்டு வயதில், மூன்று மாடி, ஆறு நடை. மூச்சு வாங்குவதைக் கேட்டு நான் வாசலில் நின்றபடி நாடித்துடிப்பைக் கணக்குப் போட்டேன். குழாய் மூட்டுகள் கழன்று வராமல் இருக்க என் பையிலிருந்து ஒட்டும் பிளாஸ்திரியைக் கேட்காமலேயே எடுத்துச் சுற்றினார். மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவரில் இருந்த இரும்பு வளையங்களுக்கு இரண்டு கயிறு. வடக்கே தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் காலுக்கு ஒன்று.

ஒரே ஒரு முறை என் கட்டுப்பாட்டை மீறினேன். அவர் குளிக்கப் போயிருந்தபோது, ஒரு கயிறு தளர்ந்திருந்ததைப் பார்த்து இழுத்துக் கட்டினேன். நர்சுகளான எங்கள் முடிச்சுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. ஐ.சி.யு.வில் நினைவு தடுமாறிக் குழாயைப் பிடுங்குகிற நோயாளிகளின் மணிக்கட்டைத் துணியால் கட்டிலின் சட்டத்தோடு கட்டி வைப்போம். எவ்வளவு இழுத்தாலும் அவிழாது. ஆனால் ஆபத்து என்றால் ஒரு முனையைச் சுண்டினால் மொத்தமும் விட்டுவிடும். அப்படித்தான் கட்டினேன். அவர் குளித்து வந்து ஈரத் தலையோடு அதைப் பார்த்தார். முனையைச் சுண்டினார். விட்டுவிட்டது. தம் வழக்கப்படி மறுபடி கட்டினார். கடற்கரை முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். பிறகு அறுக்கத்தான் வேண்டும். நான் மறுபடி வாசலுக்குப் போய்விட்டேன்.

மார்ச்சில் ஒரு சாயங்காலம் அவராகவே பேசினார். ஒன்றரை வருடத்தில் அதுதான் அவர் சேர்ந்தாற்போல் பேசிய மிக நீளமான பேச்சு.

"இங்க காத்து மேக்குலேருந்துதான் வரும், கேட்டியா. கதவு கெழக்க பாத்து இருக்கு. பெருங்காத்து வந்தா கதவ மூடப்பிடாது. எங்க ஊருல பொயல் வந்தா காத்தடிக்க பக்கத்த அடைச்சிட்டு எதிர்ப்பக்கத்து கதவ தொறந்து வைப்போம். உள்ள போன காத்து போவதுக்கு ஒரு வழி வேணும். இல்லன்னா கூரைய தூக்கிட்டு போவும்."

ஓலைக் கூரைக்குச் சரியாக இருந்தது பிளாஸ்டிக் உறைக்கும் சரியாக இருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. பழைய நானாக இருந்தால் அங்கேயே பிடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் கைகளை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. "ஆமா" என்று மட்டும் சொன்னேன்.

ஹோலி முடிந்ததும் வீட்டுக்காரம்மா என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். "பெஹன்ஜி, ஆந்தி ஆயேகி. இஸ்கோ உதார் தோ" என்றார். புழுதிப் புயல் வரப் போகிறது, அதைக் கழற்றி வைத்துவிடு என்று அர்த்தம். கீழே சந்தில் எப்போதும் ஆட்கள் நடமாட்டம், யார் தலையிலாவது போய் விழப் போகிறது என்றும் சொன்னார். அவர் சொன்னது முழுக்க நியாயம். நான் தலையாட்டிவிட்டு மேலே வந்தேன். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சரி என்பார். குழாய்களைப் பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் போவார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பார். அதை இன்னொரு முறை பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. சந்தில் போகிறவர்களின் தலையைவிட அது எனக்குப் பெரிதாகப் பட்டது என்று இன்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் பட்டது.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் ஐந்து மணிக்கு டூட்டி முடிந்து வந்தேன். வானம் மஞ்சளாக இருந்தது. இலை அசையவில்லை. காகங்கள் தாழப் பறந்தன. மேற்கே பழுப்பாக ஒரு சுவர் எழும்பி வந்தது. நான் டூட்டிப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் துணிகளை எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினேன். அவர் குடிலின் கிழக்குக் கதவின் ஜிப்பை மேல்வரை திறந்து, சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்.

முதல் காற்று அவர் சொன்னபடியே மேற்கிலிருந்துதான் வந்தது. மண் கண்ணில் அடித்தது. கயிறுகள் விறைத்தன. மணல் பைகள் அசையவில்லை. குடில் நடுங்கிக்கொண்டு நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு வெற்றி இருந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன்.

பிறகு காற்று நின்றது. ஒரு நிமிடம் இருக்கும். அதன்பின் மழையின் குளிரோடு எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. கிழக்கிலிருந்து, நேராகத் திறந்த கதவுக்குள். கடலில் பெருங்காற்று ஒரே திசையில் மணிக்கணக்காக வீசும். தில்லிக் காற்றுக்கு அந்த ஒழுங்கு கிடையாது என்பதை முப்பது வருடம் இங்கே இருந்தும் நாங்கள் கவனிக்கவில்லை. குவார்ட்டர்ஸில் ஜன்னலைச் சாத்திவிட்டு டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

குடில் ஒரு மூச்சில் ஊதிப் பெருத்தது. கிழக்குப் பக்கத்தில் கயிறு இல்லை, வழியை மறிக்கும் என்று பைகளை மட்டும் வைத்திருந்தார். பைகளை உதறிவிட்டு அந்தப் பக்கத்துக் கால்கள் எழும்பின. அவர் பாய்ந்து ஒரு காலைப் பிடித்தார். அது அவரையும் சேர்த்து மேற்குச் சுவரை நோக்கி இழுத்தது. இங்கே பழைய வீடுகளில் கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக்கூட வராது. அவர் செருப்பு தரையில் தேய்ந்துகொண்டே போனது.

"விடுங்க. விட்டுருங்க அத" என்று கத்தினேன்.

அவர் விடவில்லை. ஒரு கயிற்றை அவிழ்த்துக் கிழக்குப் பக்கம் மாற்றிக் கட்டலாமென்றால் எல்லாம் அவருடைய முடிச்சு, இரும்பாக இறுகியிருந்தது. அறுத்தால் குடில் அவரோடு சேர்த்துச் சுவரைத் தாண்டும். தோளில் டூட்டிப் பை இருந்தது. அதில் கட்டுகளை வெட்டும் கத்தரி இருந்தது. முனை மழுங்கிய, வளைந்த கத்தரி. நான் மேற்குப் பக்கம் ஓடினேன். உறையின் பின்சுவர் வீங்கி விறைத்து நின்றது. வீங்கிய காலில் இறுகிப்போன கட்டை வெட்டுவதுபோல, கை எட்டிய உயரத்திலிருந்து அடிவரை ஒரே வெட்டாக இறக்கினேன்.

காற்று என் முகத்தில் அடித்துக்கொண்டு வெளியே போனது. குழாய்கள் தொப்பென்று தரையில் இறங்கின. தயிர் டப்பாக்கள் உருண்டன. மழை பிடித்துக்கொண்டது.

அவர் பிடித்த காலை விடாமல் நின்றார். கிழிந்த உறை இரண்டு பக்கமும் படபடத்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், என் கையாலேயே முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். இனி உள்ளே போவார், படுப்பார்.

"யாரு சொன்னா ஒனக்கு கீறதுக்கு?" என்றார்.

அந்தக் குரலை நான் ஒன்றரை வருடமாகக் கேட்கவில்லை.

"பின்ன என்ன, நீங்க பறந்து போவத பாத்துட்டு நிக்கணுமா?"

"பாத்துட்டுதான நிக்க நீ" என்றார். "ஒன்றரை வருசமா வாசல்ல நின்னு பாத்துட்டுதான இருக்க. சாப்பிட்டேனா பாப்ப. தூங்கினேனா பாப்ப. உள்ள போயி எழுதி வைப்ப. எனக்கு தெரியாதுன்னா நெனச்ச? நான் என்ன ஒனக்க வார்டுல கெடக்க ஆளா? ஆறு மூட்ட மணல தனியா தூக்கிட்டு வந்தேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீ வந்து ஒரு கயித்த பிடிச்சியா?"

ஒரு கயிற்றைக் கட்டினேனே என்று சொல்லியிருக்கலாம். அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை. அவர் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தெரியாமல் கட்டினேன். நோயாளி தானாகச் சாப்பிடட்டும் என்று விலகி நின்றேன். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட எனக்குத் தோன்றவே இல்லை.

படிக்கட்டில் வீட்டுக்காரம்மா பாதி ஏறி வந்து, என்ன சத்தம், யாருக்காவது அடிபட்டதா என்று இந்தியில் கேட்டார். ஒன்றுமில்லை, நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். நம்பாமல் பார்த்துவிட்டு இறங்கினார்.

மறுபடி காற்று அடித்தது. குழாய்ச் சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் கத்தரியைக் கீழே போட்டுவிட்டுப் போய் மற்றொரு காலைப் பிடித்தேன்.

"அங்க இல்ல. கீழ பிடி."

"கீழதான் பிடிச்சிருக்கேன்."

"பிடிச்ச லெச்சணம். ஆடுது பாரு."

"ஒங்க பக்கந்தான் ஆடுது."

"வாய மூடிட்டு பிடிட்டி" என்றார்.

நான் வாயை மூடவில்லை. மழை விடும்வரை இரண்டு பேரும் நனைந்துகொண்டு, ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்று சண்டை போட்டோம்.